மாமா ஒரு பழைய ரைபிள் வாங்கலாமான்னு கேட்டார்

போன மாசம் கனகம்மாசத்திரத்துலேர்ந்து என் மாமா போன் பண்ணார். அம்மாவோட தம்பி. சென்னை-திருப்பதி ரோட்டுல திருத்தணிக்குப் போயிருக்கறவங்களுக்கு அந்த ஊர் தெரிஞ்சிருக்கும். மாமாவுக்கு அங்க ரெண்டு ஏக்கர் வேர்க்கடலை.

"மாப்ள, நேத்து ராத்திரியும் பன்னி பூந்துடுச்சிடா. கால் ஏக்கர் காலி. பக்கத்து ஊர்ல ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரர் ஒருத்தர் வேட்டை ரைபிள் வெச்சிருக்கார், குடுக்கறேன்றார். செகண்ட் ஹேண்ட் பைக் விலைதான். நீ வந்து பாரு, வாங்கலாமா வேணாமான்னு சொல்லு."

எனக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா மாமா கேட்டுட்டாரே. சட்டத்தைப் படிச்சேன், விவரம் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட பேசினேன், அப்புறம்தான் ஊருக்குப் போனேன். இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல பொருள்

அது .315 போர் ஸ்போர்ட்டிங் ரைபிள். மேற்கு வங்காளத்துல இருக்கற இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையில செஞ்சது. ஏன் .315? .303 ராணுவத் தோட்டா, பொதுமக்கள் கையில அது இருக்கக் கூடாதுன்றது வெள்ளைக்காரன் காலத்துக் கவலை. அதனால சிவிலியனுக்குன்னு வேற அளவு. இன்னைக்கும் நம்ம நாட்டுல லைசென்ஸ்ல கிடைக்கற ரைபிள்ல ரொம்பப் பழக்கமானது இதுதான்.

பழைய ரைபிளை எப்படிப் பாக்கறது? முதல் வேலை, தோட்டா இல்லைன்னு உறுதி பண்றது. உரிமையாளர் சொன்னாலும் நம்பக் கூடாது. போல்ட்டைத் திறந்து கண்ணால பாத்து, விரல் விட்டும் பாக்கணும்.

அடுத்தது குழல். போல்ட்டைக் கழட்டிட்டு, பின்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு, முன்பக்கமா உள்ள பாக்கணும். சுருள் சுருளா ஓடற வரிப்பள்ளம் கூர்மையா, பளிச்சுனு தெரிஞ்சா நல்லது. கறுப்புப் புள்ளியா அரிச்சிருந்தா, சுட்டுட்டு சுத்தம் பண்ணாம வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். நடுவுல வளையம் மாதிரி நிழல் தெரிஞ்சா அந்த இடத்துல குழல் உப்பியிருக்கு. அதைத் தொடவே கூடாது.

அப்புறம் குழலோட வாய். அந்த விளிம்பு அடிபட்டிருந்தாலோ, சுத்தம் பண்ற கம்பி உரசித் தேய்ஞ்சிருந்தாலோ குண்டு குறி தவறும். கட்டையில, கைப்பிடி மெலிஞ்சு போற இடத்துல விரிசல் இருக்கான்னும் பாக்கணும்.

கடைசியா நம்பர். போல்ட்டுல ஒரு நம்பர் இருக்கும், உடம்புல ஒரு நம்பர் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நாங்க பாத்ததுல ஒண்ணா இல்ல. யாரோ எப்பவோ வேற துப்பாக்கியோட போல்ட்டை மாத்தியிருக்காங்க. அப்படி மாத்தினா தோட்டா உக்கார்ற இடத்துல இடைவெளி கூடிடலாம். இடைவெளி கூடினா சுடும்போது தோட்டாவோட பித்தளைக் கூடு கிழிஞ்சு, சூடான வாயு பின்னாடி, அதாவது சுடறவர் முகத்துக்கு நேரா வரும். கருவி வெச்சு அளந்து பாக்கற லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிட்ட காட்டாம அதுல ஒரு தோட்டாகூட போடக் கூடாது.

மிலிட்டரிக்காரர் நல்ல மனுஷன். "எனக்கே தெரியாது தம்பி, நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னார்.

அடுத்தது காகிதம்

பைக் மாதிரி பணத்தைக் குடுத்து ஓட்டிட்டு வர்ற சமாச்சாரம் இல்ல இது. வாங்கறவருக்கு முதல்லயே லைசென்ஸ் இருக்கணும். விக்கறவர் ஆயுதச் சட்டம் 1959-ன்படி கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்துல தெரிவிக்கணும். தெரிவிச்சு 45 நாள் கழிச்சுதான் கை மாத்தலாம். லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம் ஜெயில்.

மாமாகிட்ட லைசென்ஸ் இல்ல. "அப்ளை பண்ணிக்கலாம்டா"ன்னார். பண்ணலாம். ஆனா பயிர்ப் பாதுகாப்புன்னு வரும்போது அந்தச் சட்டம் பேர் சொல்லிக் குறிப்பிடறது வாய் வழியா மருந்து கெட்டிக்கற துப்பாக்கியைத்தான், ரைபிளை இல்ல. யோசிச்சா நியாயமும் இருக்கு. ரைபிள் குண்டு குறி தப்பினா ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். மாமா நிலத்துக்கு ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ஊர். ராத்திரியில, டார்ச் வெளிச்சத்துல, ஓடற பன்னியை நோக்கி சுடணும். நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி

துப்பாக்கியும் நல்லா இருக்கு, லைசென்ஸும் கிடைச்சிடுச்சுன்னே வெச்சுப்போம். மாமா அந்தப் பன்னியைச் சுடலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப்பன்னியும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிரை அழிச்சாலும் அதிகாரியோட எழுத்துபூர்வ அனுமதி இல்லாம சுட முடியாது. கேரளாவுல 2022-ல உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அனுமதி குடுக்கற அதிகாரம் வந்துச்சு, அங்க லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களைக் கூப்பிட்டுச் சுட வைக்கறாங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த ஏற்பாடு வேற மாதிரி. காப்புக்காட்டுலேர்ந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுட அனுமதி இல்ல. 1-லேர்ந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் கொண்டுபோய் காட்டுல விடணும். 3 கிலோமீட்டர் தாண்டினா சுடலாம். அதுவும் வனத்துறையோட பயிற்சி பெற்ற ஆளுங்கதான். விவசாயி இல்ல.

நானும் மாமாவும் மேப்பை வெச்சு அளந்தோம். அவர் நிலம் காப்புக்காட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்.

மாமா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "அப்போ அந்தத் துப்பாக்கிய வாங்கி நான் இன்னாதான் பண்றது?"

அந்தக் கேள்வியைத்தான் நாங்க முதல்ல கேட்டிருக்கணும். குழலைப் பாக்கறதும் நம்பரைப் பாக்கறதும் அதுக்கு அப்புறம்தான். ஷூட்டிங் கிளப்ல சேர்ந்து குறி பாத்து சுடப் பழகறவங்களுக்கு, லைசென்ஸ் இருந்து, குழலும் நம்பரும் சரியா இருந்தா, பழைய .315 வாங்கறதுல அர்த்தம் இருக்கு. பன்னிக்காக வாங்கறவருக்கு அது சுவத்துல தொங்கற பாரம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும், அப்புறம் திரும்ப வாங்கிட்டு வரணும்.

வாங்கல. மிலிட்டரிக்காரர்கிட்ட நேர்ல போய் சொன்னோம். போல்ட் விஷயத்தை அடுத்து கேக்கறவங்ககிட்டயும் மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டோம். தலையாட்டினார், டீ குடுத்தார்.

ஆனா மாமா பிரச்சனை தீரல. கூண்டு கேட்டு வனத்துறைக்கு எழுதியிருக்கார், பயிர் நஷ்டத்துக்கு மனு குடுத்திருக்கார். ரைபிளுக்குன்னு எடுத்து வெச்ச காசுல சோலார் வேலி போட விலை விசாரிக்கறார். அதுவரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து, தகர டப்பாவும் டார்ச்சுமா வரப்புல உக்காந்திருக்கார். நகரத்துல உக்காந்து "சட்டப்படி சுடக் கூடாது மாமா"ன்னு சொல்றது எனக்கு சுலபம். அதனால இந்த வார சனிக்கிழமை காவலுக்கு நானும் போறேன்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.