விமானத்தில் எந்த இருக்கை?

ஜார்ஜ்டவுனின் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் வாழும் குடும்பங்களுக்கு விமானப் பயணம் இன்று புதுமையான ஒன்றன்று. பாயான் லெப்பாசில் அமைந்துள்ள பினாங்கு அனைத்துலக விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோலாலம்பூர், ஜொகூர் பாரு, கூச்சிங், கோத்தா கினபாலு ஆகிய இடங்களுக்கு உள்நாட்டு விமானங்கள் நேரடியாகப் பறக்கின்றன. பயணச்சீட்டு வாங்குவதும் எளிது. கைப்பேசியில் சில முறை தட்டினால் போதும். ஆனால், பெயரையும் பிறந்த நாளையும் நிரப்பியவுடன் திரையில் விமானத்தின் உட்புறப் படம் ஒன்று விரிகிறது. வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். வண்ணத்திற்கு ஒரு விலை. பலர் தடுமாறும் இடம் இதுதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த மகளுக்குக் கோத்தா கினபாலுவிலுள்ள மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளைச் சேர்த்துவிட்டு வர அப்பா, அம்மா, முழங்கால் வலியுள்ள பாட்டி, ஏழு வயதுத் தம்பி ஆகிய நால்வரும் உடன் செல்கிறார்கள். ஓர் இருக்கையைத் தேர்ந்தெடுக்கக் கட்டணம் 15 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், போகும்போது ஐவருக்கு 75 ரிங்கிட், திரும்பும்போது நால்வருக்கு 60 ரிங்கிட். மொத்தம் 135 ரிங்கிட். மகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணையும் வாங்க வேண்டிய நேரத்தில் இது சிறு தொகை அன்று. கட்டணம் செலுத்தாவிட்டாலும் எல்லாருக்கும் இருக்கை உண்டு. ஆனால், எந்த இருக்கை என்பதை விமான நிறுவனத்தின் கணினியே முடிவு செய்யும். ஐவரும் ஐந்து மூலைகளில் அமர நேரலாம்.

இருக்கைக்குத் தனிக் கட்டணம் என்பது முற்காலத்தில் இல்லாத வழக்கம். உணவு, பயணப்பெட்டி, இருக்கை எல்லாம் பயணச்சீட்டின் விலைக்குள் அடங்கியிருந்தன. மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. 2001ஆம் ஆண்டில் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஆசியா நிறுவனத்தை டோனி பெர்னாண்டஸ் குழுவினர் பெயரளவில் ஒரு ரிங்கிட்டிற்கு வாங்கினர். அதன் தொடக்க ஆண்டுகளில் பயணிகளுக்கு இருக்கை எண்ணே கொடுக்கப்படவில்லை. முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமர்ந்தார். பேருந்தில் இடம் பிடிப்பதுபோலத்தான். பின்னர் எண்ணிட்ட இருக்கை வந்தது. நல்ல இருக்கைக்கு விலையும் வந்தது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனமோ 1971இல் பறக்கத் தொடங்கிய நாள்முதல் எண்ணில்லாத இருக்கை முறையையே பின்பற்றிவந்தது. அதுவும் அம்முறையைக் கைவிடப்போவதாக 2024இல் அறிவித்தது.

பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, இருக்கைத் தேர்வு, காப்புறுதி போன்ற கூடுதல் சேவைகளைப் பயணியின் விருப்பமின்றித் தாமாகவே கட்டணத்தில் சேர்த்துவிடக் கூடாது. பயணி தாமே தேர்ந்தெடுத்தால்தான் அவை கணக்கில் வர வேண்டும். எனவே, பணம் செலுத்தும் பக்கத்திற்குச் செல்லும் முன் மொத்தத் தொகை எவ்வாறு வந்தது என்று ஒருமுறை வரிவரியாகப் பார்ப்பது நல்லது. அவசரத்தில் விரல் பட்டும் ஓர் இருக்கை தேர்வாகிவிடக்கூடும்.

இனி, விமானத்தின் உள்ளே செல்வோம். உள்நாட்டுத் தடங்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் நடைவழியின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள் உள்ளன. ஏ, எஃப் என்பவை சன்னலோரம். சி, டி ஆகியவை நடைவழி ஓரம். பி, இ ஆகியவை நடுவில் அகப்பட்டவை. நடு இருக்கையை எவரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. முன்வரிசைகளில் இயந்திர இரைச்சல் குறைவு; இறங்குவதும் விரைவு. விமானம் காற்றில் குலுங்கும்போது இறக்கைக்கு அருகில் ஆட்டம் குறைவாகவும் வால் பகுதியில் மிகுதியாகவும் இருக்கும். ஊஞ்சற்பலகையின் நடுவில் அமர்பவரைவிட நுனியில் அமர்பவர் அதிகம் ஆடுவதைப் போன்றது இது. கடைசி வரிசைக்குப் பின்னால் கழிவறை இருப்பதால், ஆட்கள் வந்து நின்றுகொண்டே இருப்பார்கள். அங்குள்ள இருக்கை பெரும்பாலும் பின்னால் சாயாது.

முதல் வரிசைக்குப் பணம் கொடுப்போர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அங்கே முன்னால் இருக்கை இல்லாததால் கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது. தலைக்கு மேலுள்ள பேழையில்தான் வைக்க வேண்டும். உணவுப் பலகையும் கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால், கைப்பிடியை உயர்த்த இயலாது. மடியில் பிள்ளையைச் சாய்த்துக்கொள்ள நினைக்கும் தாய்க்கு இது பெருந்தொல்லை.

சன்னலோர இருக்கை என்று விற்கப்படும் எல்லா இடத்திலும் சன்னல் இருப்பதில்லை! போயிங் 737 விமானத்தில் குளிர்காற்றுக் குழாய்கள் சுவருக்குள் மேலேறிச் செல்லும் இடம் ஒன்று இறக்கைக்குச் சற்று முன்னால் உள்ளது. அங்கு அமர்பவருக்கு வெறும் சுவரே காட்சி. தம்பியைப் போன்ற சிறுவனுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

இறக்கையின் மேலுள்ள அவசர வெளியேறும் வழியை ஒட்டிய வரிசைகளில் கால் நீட்டத் தாராளமாக இடமுண்டு. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். ஆனால், பாட்டியை அங்கே அமர விடமாட்டார்கள். சிறுவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வருவோர், உடல் தளர்ந்தோர் ஆகியோருக்கு அவ்வரிசை கிடையாது. காரணம் உண்டு. புதிய விமானம் ஒன்று அனுமதி பெற வேண்டுமானால், பாதிக் கதவுகளை மட்டுமே பயன்படுத்தி, நிறைந்த விமானத்திலிருந்து அனைவரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற முடியும் என்று நிறுவ வேண்டும். ஆபத்து வேளையில் இறக்கைக் கதவைத் திறப்பவர் பணிப்பெண் அல்லர். அருகில் அமர்ந்திருக்கும் பயணியே. ஏ320இல் அக்கதவு ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ளது. ஆகவே, அவ்விருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் கால் நீட்டும் இடத்தோடு ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறார். பணிக்குழுவினர் விளக்கம் தரும்போது காதணிக் கருவியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர் அங்கு அமரத் தகுதியற்றவர் என்றே கூற வேண்டும்.

பினாங்கிலிருந்து சுபாங்கிற்கு ஃபயர்ஃபிளை நிறுவனம் இயக்கும் ஏடிஆர் 72 விமானத்தில் மேற்சொன்ன கணக்குகள் சில தலைகீழாகிவிடும். சுழல்விசிறிகள் கொண்ட இச்சிறிய விமானத்தில் நடைவழியின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகளே உள்ளன. நடு இருக்கை என்ற தொல்லையே இல்லை. பயணிகள் பின்கதவு வழியாகவே ஏறி இறங்குகிறார்கள். எனவே, நடக்கச் சிரமப்படும் பாட்டிக்கு இங்கே பின்வரிசையே வசதி. விசிறிகள் முன்பகுதிக்கு அருகில் சுழல்வதால், முன்னால் அமர்ந்தவருக்குத்தான் இரைச்சல் அதிகம். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால், கீழே தெரியும் காட்சியை அது மறைப்பதுமில்லை.

காட்சி என்றதும் வெயிலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் செல்லும் விமானம் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் பறக்கிறது. காலையில் இடப்புறச் சன்னலில் வெயில் அடிக்கும். மாலையில் வலப்புறத்தில் அடிக்கும். திரும்பும்போது இது மாறிவிடும். இடப்புறம் அமர்ந்தால் தீபகற்பத்தின் மலைகளையும், வலப்புறம் அமர்ந்தால் மலாக்கா நீரிணையையும் பார்க்கலாம். 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலமும் 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் எந்தப் பக்கச் சன்னலில் தெரியும் என்று உறுதியாகக் கூற இயலாது. விமானம் காற்றை எதிர்த்தே மேலெழும். அன்றைய காற்றுக்கேற்பப் புறப்படும் திசையும் மாறும்.

அந்தக் குடும்பம் ஐந்து இருக்கைகளுக்கும் பணம் கட்ட வேண்டிய தேவையில்லை. பாட்டிக்கு நடைவழி ஓரம், அவருக்கு அருகில் அம்மா, சன்னலோரத்தில் தம்பி என ஒரே பக்கத்தின் மூன்று இருக்கைகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். போகவும் வரவும் 90 ரிங்கிட் ஆகும். 45 ரிங்கிட் மிஞ்சும். அப்பாவும் மகளும் கணினி கொடுக்கும் இடத்தில் அமர்ந்துகொள்ளலாம். கோத்தா கினபாலுவை அடைய இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகும் என்பதால், பாட்டி இடையிடையே எழுந்து நிற்க நடைவழி ஓரம் உதவும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அதையும் பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

பணமே கட்டாமல் போய், தம்பியின் இருக்கை தனியே விழுந்துவிட்டால் அதற்கும் வழியுண்டு. பயணத்தை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துவிட்டு, விமான நிலைய முகப்பிடத்தில் நேரத்தோடு கேட்டுப் பார்க்கலாம். விமானத்திற்குள் ஏறிய பின்னர் இடம் மாறுவதாயின், பணிக்குழுவினரிடம் சொல்லிவிட்டே மாற வேண்டும். குறிப்பாக, சிறிய விமானத்தில் பயணிகளின் எடை முன்னும் பின்னும் எவ்வாறு பகிர்ந்திருக்கிறது என்று கணக்கிட்ட பின்னரே விமானி புறப்படுகிறார்.