கடல் கட்டிய தீவு

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் தீவுகளில் பெரும்பாலானவை எரிமலைகள் எழுப்பியவை. பார்படோஸ் அப்படியல்ல. வரிசையை விட்டு 150 கி.மீ.க்கும் மேல் விலகி, அட்லாண்டிக்கில் தனியே நிற்கிறது. நீளம் 34 கி.மீ., மக்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. அவர்கள் காலூன்றி நிற்கும் தரையே கடலுக்குள் உருவானதுதான்.

அங்கே அட்லாண்டிக் கடலடியின் பாறைப்பாளம் கரீபியன் பாளத்துக்குக் கீழே மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் படிந்த சேறும் மணலும் உள்ளே போக முடியாமல் வழித்தெடுக்கப்படுகின்றன. முற்றம் பெருக்கும்போது விளக்குமாற்றின் முன்னால் மண் சேர்வதுபோல, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்த மேடு அது. வெளிச்சம் எட்டும் ஆழத்துக்கு மேடு உயர்ந்ததும் பவள உயிரிகள் குடியேறி, சுண்ணாம்புக் கூடுகளை அடுக்கின. மேடு மேலும் உயர, பழைய திட்டுகள் வெளியே வந்தன. விளிம்பில் புதியவை வளர்ந்தன. இன்று தீவின் 85 விழுக்காட்டை மூடியிருப்பது இந்தப் பவளப்பாறைதான்.

இந்தப் பவளம் உலகத்துக்கே ஓர் அளவுகோலும் ஆனது. கிளைகிளையாகப் படரும் ஒரு வகைப் பவளம் ஆழமற்ற நீரில்தான் செழிக்கும். எனவே அதன் பழைய எச்சம் கிடக்கும் ஆழத்தைக் கொண்டு, அது வாழ்ந்த காலத்தில் கடல் எந்த மட்டத்தில் இருந்தது என்று கணிக்கலாம். கரைக்கு அப்பால் துளையிட்டு எடுத்த பவளத்தை வைத்து, கடந்த பனியுகத்தில் கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்ததை 1989-இல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் காட்டினார். ஏறக்குறைய நாற்பது மாடி உயரம்!

என்னை அதிகம் வியக்க வைப்பது குடிதண்ணீர்தான். பார்படோஸில் பெரிய ஆறு கிடையாது. பெய்யும் மழை பவளப்பாறையின் துளைகளில் இறங்கி, வடிகட்டப்பட்டு, கரையோரத்தை நெருங்கும்போது பாறைக்குள் புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. உப்புநீரைவிட நன்னீரின் அடர்த்தி நாற்பதில் ஒரு பங்கு குறைவு. இரண்டும் பாறைக்குள் எளிதில் கலப்பதில்லை. நடுவில் தடித்து விளிம்பில் மெலியும் இந்த நீர்ப்படலத்துக்கு ‘நன்னீர் வில்லை’ என்று பெயர். கடல்மட்டத்துக்கு மேல் அது ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை இறங்கியிருக்கும். இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் பலிக்கும் என்பதுதான் ஆபத்து. கிணற்றில் அதிகமாக இறைத்து நீர்மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்தால், அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரப் பார்க்கும். மேலே கொட்டும் அழுக்கும் அதே துளைகள் வழியாகத்தான் இறங்கும். அதனால் 1963-லேயே தீவை நிலத்தடி நீர்க்காப்பு மண்டலங்களாகப் பிரித்து, பொதுக்கிணறுகளைச் சுற்றிப் புதிய கட்டடங்களுக்குத் தடை போட்டார்கள். தொலைநோக்குள்ள முடிவு.

இனி கரையைத் தாண்டிக் கடலுக்கு வருவோம். தீவின் ஒரு டாலர் நாணயத்தில் பொறித்திருப்பது பறக்கும் மீன், நம் மீனவர்கள் பறவைக் கோலா என்பார்களே, அந்த வகை. வாலின் கீழ்மடல் நீளமானது. உடல் நீருக்கு மேலே வந்த பிறகும் அந்த மடல் மட்டும் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் தண்ணீரை அடித்து வேகம் கூட்டும். பிறகு மார்புத் துடுப்புகளை விரித்து மீன் காற்றில் சறுக்கும். அதன் முட்டைகளில் ஒட்டும் இழைகள் உண்டு. ஒட்டிக்கொள்ள மிதக்கும் பொருள் வேண்டும். பார்படோஸ் மீனவர்கள் கரும்புச் சோகைக் கட்டுகளை மிதக்கவிட்டு, முட்டையிட வரும் கூட்டத்தை வளைத்தார்கள். சோழமண்டலக் கரையிலும் தழைக்கட்டு போட்டுக் கோலா பிடித்த வழக்கம் உண்டு. ஒரே மீன் குடும்பத்தின் ஒரே பழக்கத்தை இரண்டு பெருங்கடல்களின் மீனவர்களும் கண்டுவைத்திருக்கிறார்கள்.

மீன் எல்லை பார்ப்பதில்லை. அண்டைத் தீவான டொபாகோ பக்கம் கூட்டம் நகர, பார்படோஸ் படகுகளும் பின்தொடர்ந்தன. இரு நாடுகளின் வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2006-இல் மன்றம் கடல் எல்லையை வரைந்துகொடுத்து, மீன்பிடி உரிமையைப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது.

2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி டன் கணக்கில் பார்படோஸ் கரைக்கு மிதந்து வருகிறது. கரையில் அழுகி நாறி, சுற்றுலாவை நம்பிய கடற்கரைகளைக் கெடுக்கிறது. பறக்கும் மீன் பிடிப்பும் சரிந்தது. அந்தப் பாசியை ரம் ஆலைக் கழிவுநீரோடும் ஆட்டுச் சாணத்தோடும் நொதிக்கவைத்து எரிவாயு எடுத்தார்கள், மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கேவ் ஹில் வளாக ஆய்வாளர்கள். 2024-இல் அந்த வாயுவில் ஒரு காரையே ஓட்டிக் காட்டினார்கள்.