குடல் அறுவைக்குப் பின் எப்போது சாப்பிடலாம்? ‘காற்று பிரியட்டும்’ என்ற கணக்கு மாறி வருகிறது

கூலாய் - குடலில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டில் இருப்பவரைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு கையில் மைலோ, மறு கையில் கஞ்சித் தூக்கு. ஆனால், கட்டில் தலைமாட்டில் ‘புவாசா’ என்ற அட்டை தொங்கும். காலையில் சுற்று வரும் மருத்துவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: “சுடா கெந்துட்?” காற்று பிரிந்ததா என்கிறார். பிரிந்தால் சாப்பாடு, இல்லையென்றால் பட்டினி. செனாய், செடெனாக் பக்கத்துத் தோட்டத்து மக்களும் சரி, பட்டணத்துக்காரர்களும் சரி, பல காலமாக இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு இப்போது மாறி வருகிறது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்படும் குடல் அறுவைகளில், சிக்கல் ஏதும் இல்லையென்றால், காற்று பிரியும்வரை காத்திராமல் 24 மணி நேரத்துக்குள் வாய்வழி உணவைத் தொடங்கலாம் என்பதே இன்றைய அனைத்துலகப் பரிந்துரை.

பழைய முறைக்கும் காரணம் இருந்தது. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டுப் புரட்டினால், அது கொஞ்ச காலம் அசைவை நிறுத்திவிடும். சிறுகுடல் 24 மணி நேரத்துக்குள் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். பெருங்குடல்தான் சோம்பேறி, 2 முதல் 3 நாள் எடுக்கும். காற்று பிரிவது அதுவும் வேலைக்குத் திரும்பிவிட்டதன் அடையாளம். அதற்கு முன் உணவு கொடுத்தால் வாந்தி வரும், தையல் விட்டுவிடும் என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

ஆனால், ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் குடல் காலியாக இருப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எனச் சாதாரண நாளில் சுமார் 7 லிட்டர் நீர் உடலே சுரந்து குடலுக்குள் அனுப்புகிறது. பட்டினியில் இது குறையுமே தவிர நிற்காது. தையல் போட்ட இடத்தைக் கடந்துதான் அது போகிறது. அப்படியிருக்க, நாலு மடக்குத் தண்ணீர் மட்டும் தையலைப் பிரித்துவிடுமா?

1990களில் டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் இந்தப் போக்கை மாற்றினார். சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை, மார்ஃபின் வகை வலிமருந்தைக் குறைத்தல் என எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். (மார்ஃபின் வலியைக் குறைக்கும், குடலையும் தூங்க வைக்கும்.) பின்னர் 2010-இல் இதற்கென்றே ‘ஈராஸ்’ சங்கம் உருவானது. சீக்கிரம் சாப்பிட்டவர்களுக்குத் தையல் கசிவு கூடவில்லை என்பதையும், அவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள் என்பதையும் ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டின. சிலருக்கு வாந்தி வரலாம். வந்தால் நிறுத்தி, பொறுத்துத் தொடங்குவார்கள். காற்று பிரிவதைத் தூண்ட சூயிங் கம் மெல்லச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. வெற்றிலை பாக்கு அந்தக் கணக்கில் சேராது.

பொதுவாக, அறுவை நடந்த அன்றே சிறிது தண்ணீர். ஒத்துக்கொண்டால் சூப், மைலோ. மறுநாள் கஞ்சி, ரொட்டி, முட்டை என்று போகும். மருத்துவருக்கு மருத்துவர் இது மாறுபடும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடல் ஓட்டையாகி அவசரமாக அறுவை செய்யப்பட்டவர், குடல் அடைப்பு இருந்தவர், வயிறு உப்பி வாந்தி எடுப்பவர், மூக்குக் குழாயில் இன்னும் நிறைய நீர் வருபவர் காத்திருக்க வேண்டியிருக்கும். ‘புவாசா’ அட்டை இருக்கும்வரை ஒரு கரண்டி கஞ்சிகூடக் கொடுக்கக்கூடாது. படுத்த நிலையில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தாதி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து ஊட்டுவது பாசம் அல்ல. அட்டை ஏன் இன்னும் இருக்கிறது என்று சுற்று வரும்போது கேட்பது குடும்பத்தாரின் உரிமை. மலாய் வராத பெரியவர் என்றால், அந்த நேரத்தில் பேசத் தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது வேறு கதை. மருத்துவமனையில் சாப்பிட விட்டவரை வீட்டில் பட்டினி போடுகிறோம். முட்டை ஆகாது, மீன் ஆகாது, கோழி தொட்டால் புண் சீழ் வைக்கும் என்று பாட்டி பத்தியம் சொல்ல, ஒரு மாதம் வெறும் கஞ்சியும் உப்பும்தான். வெட்டுக்காயம் ஆற உடலுக்குப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சியில் அது மிகக் குறைவு. அவித்த முட்டை, தோல் நீக்கிய கோழி, பருப்பு, தோஃபு, மலாய்க்காரர்கள் ‘ஹாருவான்’ என்று சமைத்துக் கொடுக்கும் நம் விரால் மீன், எல்லாம் ஆகும். போத்தலில் விற்கும் விரால் சாற்றை மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்கலாம்.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் 5, 6 முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிறு தாங்கும். முதல் சில வாரங்களுக்குச் சோளம், கச்சான், பச்சை உலாம், நார் மிகுந்த தண்டுக்கீரை வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இனிப்புநீர் உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் இந்நோய் அதிகம் காணப்பட்டது. ‘தெம்புக்கு’ என்று கெட்டிப்பால் ஊற்றிய மைலோவை அடிக்கடி கொடுத்தால் சர்க்கரை ஏறி, புண் ஆறுவது தள்ளிப்போகும். மாத்திரை, இன்சுலின் அளவையும் வீடு திரும்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தையல் கசிவு அறுவை முடிந்து சில நாட்கள் கழித்தே தெரியவரலாம். அதற்குள் சிலர் வீட்டுக்கே வந்திருப்பார்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு கல்போல் உப்புதல், நிற்காத வாந்தி, படபடப்பு இவற்றில் ஒன்று வந்தாலும், அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவரை வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்.