டார்ச் விளக்குக்கு ஒரு மரக்கூடு

இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் டார்ச் மங்கிவிட்டால் வரப்பில் கால் வைக்கவே கூசும். கட்டுவிரியன் இரை தேடி அலைவதும் அந்த நேரத்தில்தான். பெட்டிக்கடையில் கேட்டால் பெரிய பேட்டரிக் கட்டை தீர்ந்துவிட்டது, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சின்னக் கட்டைதான் இருக்கிறது என்பார்கள். அதை வேண்டாமென்று திரும்பி வர வேண்டியதில்லை.

கட்டை பெரிதோ சின்னதோ, இரண்டும் 1.5 வோல்ட்தான். ஆகவே பல்புக்குக் கெடுதல் இல்லை. பெரிய கட்டை சுமார் 34 மி.மீ. குறுக்களவும் 61 மி.மீ. நீளமும் உள்ளது. சின்னது 14.5 மி.மீ. குறுக்களவு, 50 மி.மீ. நீளம். சுற்றிலும் உள்ள இடத்தை நிரப்ப ஒரு கூடும், நீளத்தில் குறையும் 11 மி.மீ.க்கு ஒரு உலோகத் துண்டும் வேண்டும். அவ்வளவே.

கூட்டை மரத்தில்தான் செய்ய வேண்டுமா, இரும்புக் குழாய்த் துண்டு ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தகட்டு டார்ச்சுகளில் அந்த உடலே மின்சாரம் திரும்பி வரும் பாதை. நடுவில் உள்ள உலோகம் உடலைத் தொட்டுவிட்டால் பல்பு எரியாது. கட்டை சூடேறி வீணாகும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டித் திணிப்பவர்களுக்கு நேர்வதும் இதுதான். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. பச்சை மரம் பிறகு சுருங்கி வெடிக்கும், வேண்டாம்.

வேம்போ மஞ்சணத்தியோ, 33 மி.மீ. குறுக்களவில் உருட்டாகச் செதுக்கி, 52 மி.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொள்ளவும். நடுவில் 15 மி.மீ. துளை ஊடுருவிப் போக வேண்டும். துளைபோடும் கருவி இல்லாதவர்கள் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உளியால் குடைந்து, மீண்டும் பசையிட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆசாரியிடம் கொடுத்தால் இன்னும் நேர்த்தியாக அமையும்.

அடுத்து 5 மி.மீ. கனப் பலகையில் அதே அகலத்துக்கு ஒரு வட்ட மூடி. அதன் மையத்தில் 4 மி.மீ. பித்தளை போல்ட்டு ஒன்றை, தலை உட்புறமாகவும் நட்டு வெளிப்புறமாகவும் இருக்கும்படி முடுக்கவும். நட்டுக்கு மேல் நீளும் பகுதியை அரத்தால் ராவிவிடவும். மூடியைக் கூட்டின் ஒரு முனையில் பசையால் ஒட்டவும். ஆணி அடிக்கக் கூடாது.

இப்போது சின்னக் கட்டையைக் குமிழ் முன்னே போகும்படி உள்ளே தள்ளினால், குமிழ் போல்ட்டுத் தலையில் முட்டி நிற்கும். கட்டையின் அடிப்பாகம் கூட்டுக்கு வெளியே ஒரு மி.மீ. அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது முக்கியம்; நீட்டாவிட்டால் விளக்கு எரியாது. தலை கனம் குறைந்த போல்ட்டாக இருந்தால் கூட்டின் அடியைச் சிறிது தேய்த்துவிடவும். மற்ற சிறு வித்தியாசத்தை டார்ச்சின் ஸ்பிரிங் சரிக்கட்டிக்கொள்ளும்.

இரண்டு கட்டை டார்ச்சுக்கு இரண்டு கூடுகள் தேவை. ஒன்று பெரியது, ஒன்று கூட்டில் உள்ளது என்று கலந்து போட்டால் சின்னது முதலில் தீர்ந்து கசியத் தொடங்கும். சின்னதில் உள்ள சரக்கு பெரியதில் ஐந்தாறில் ஒரு பங்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். இழை பல்பு போட்ட பழைய டார்ச் இதை இரண்டொரு இரவில் குடித்துவிடும். எல்.இ.டி. விளக்கானால் தாக்குப்பிடிக்கும்; பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் பல நாள் வரும்.

இதே அளவில் 14500 என்று எண் போட்ட லித்தியம் கட்டையும் கடைகளில் கிடைக்கிறது. அது 3.7 வோல்ட். தெரியாமல் போட்டால் பல்பு போய்விடும்.

டார்ச்சை நாள்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் கூட்டைக் கழற்றிவைக்கவும். கசிந்த கட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு கூட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.