பழைய விளையாட்டும் பனையோலை ஏடும்

பழைய பொருள்களை ஒழுங்குபடுத்தப் புகுந்தவர் அந்த வேலையை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. சென்ற விடுமுறையில் மாத்தளையிலுள்ள எமது இல்லத்து அலுமாரியைத் துப்புரவு செய்யத் தொடங்கிய நாம், மாலைவரை தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்துவிட்டோம். காரணம், அங்கே அகப்பட்ட ஓர் இறுவட்டு. அதன் பெயர் 'ஸ்பைடர்மேன் 2'.

2004 ஆம் ஆண்டில், அதே பெயருடைய திரைப்படத்தையொட்டி டிரேயார்க் நிறுவனத்தார் ஆக்கி, ஆக்டிவிஷன் நிறுவனத்தார் வெளியிட்ட வீடியோ விளையாட்டு அது. பிளேஸ்டேஷன் 2 கருவியில் அதனை ஆடியபோது நாம் பாடசாலை மாணவர்.

அதன் சிறப்பு யாது? 2000 ஆம் ஆண்டில் வந்த முந்திய விளையாட்டில், சிலந்தி மனிதன் வீசிய வலை வெறும் ஆகாயத்தையே பற்றிக்கொண்டது. இதிலோ, ஜேமி பிரிஸ்ட்ரம் என்பார் வகுத்த முறைப்படி, வலை மெய்யாகவே ஒரு கட்டடத்தைப் பற்றியாக வேண்டும். ஊஞ்சலாடும் சிறுவனைப்போல, விடவேண்டிய கணத்தில் விட்டால் உயரலாம், தவறினால் வீழவேண்டியதே. நியூயோர்க் நகரை நேரிற் காணாத நாம், மான்ஹட்டன் தெருக்களை எமது திருகோணமலை வீதியைப்போல் அறிந்திருந்தோம்.

மீண்டும் ஆடியபோது குறைகளும் தென்பட்டன. வீதியில் நடப்போரின் முகங்கள் மரப்பாவை முகங்கள். ஒரே திருட்டு ஓயாமல் நிகழ்கின்றது. ஆயினும் அந்த ஊஞ்சலின் இன்பம் சிறிதும் மங்கவில்லை. கைநழுவிய பலூனுக்காக அழும் குழந்தையை அன்று பொருட்படுத்தாது பறந்த நாம், இன்று கொள்ளையரை விட்டுவிட்டு அப்பலூனைத் துரத்தினோம். விளையாட்டு மாறவில்லை, ஆடியவரே மாறியிருந்தோம்.

அருகிலிருந்த மருமகன் வினவினான்: "மாமா, இது எந்தக் கடையில் கிடைக்கும்?"

2023 இல் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட புதிய 'ஸ்பைடர்மேன் 2' கிடைக்கும். இப்பழையதோ இன்று புதிதாக விற்பனைக்கு இல்லை. அதனை வெளியிட்டவரிடம் இன்று அவ்வீரனின் உரிமையும் இல்லை. இது தனியொரு விளையாட்டின் விதியன்று. 2010 ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 100க்கு 87 விற்பனையில் இல்லை என, வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 இல் ஆராய்ந்து கூறியது.

மாத்தளை மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் அலுவிகாரை உள்ளது. வாய்மொழியாக வந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தினாலும் போரினாலும் அதனை மனனஞ் செய்தோர் மறைந்துவிடின் நூலும் மறையுமே என்ற அச்சமே அதற்குக் காரணம். 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் அவ்விகாரையின் ஏடுகள் பல அழிந்தன. ஆயினும் வேறிடங்களிற் பிரதிகள் இருந்தமையால் நூல் அழியவில்லை.

மறைநூலையும் சிறுவர் விளையாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் துணியோம். ஆனால், காப்பாரின்றேல் இரண்டும் ஒரே வழியில் மறையும். இறுவட்டுக்கும் ஆயுள் உண்டு. அதனை ஆட்டுவிக்கும் கருவிக்கும் உண்டு.

ஆகவே பெற்றோரே, அலுமாரியிலுள்ள பழைய இறுவட்டைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்குமுன், பிள்ளைகளோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள். எமது வீட்டு அலுமாரி இன்னும் துப்புரவாகவில்லை. அதனால் எமக்கு வருத்தமும் இல்லை.