தேய்ந்த முழங்காலுக்கு அச்சிட்ட குருத்தெலும்பு

ஆனைக்குட்டம் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் பல்லாண்டுகள் தரையில் அமர்ந்து உழைத்தவர்கள் முழங்கால் வலியுடன் வரும்போது, “ஊசி போட்டால் ஜவ்வு வளருமாமே?” என்று எங்களிடம் கேட்கின்றனர். ஜவ்வு என்று அவர்கள் குறிப்பிடுவது மூட்டு எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பை.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால், தோலில் பட்ட காயத்தைப் போல அது தானாக ஆறுவதில்லை. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே இதனைப் பதிவு செய்தார்.

அச்சுத் தொழில் சிவகாசிக்குப் புதிதன்று. நாட்காட்டியில் மை ஒரே படலமாகப் படியும். உயிரி அச்சிலோ அடுக்கடுக்காக உயரும். டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சௌரப் கோஷ் குழுவினர் பட்டுப் புரதமும் ஜெலட்டினும் கலந்த மையில் செல்களைச் சேர்த்து, ஆய்வகத்தில் குருத்தெலும்புத் திசுவை உருவாக்கியுள்ளனர். கொத்தனார் கட்டும் சாரத்தைப் போல, அச்சிட்ட அமைப்பு செல்களைத் தாங்கி நிற்கும். திசு வளர வளர மெல்லக் கரையும்.

செல்லில்லாச் சிகிச்சை வேறு வகை. செல்கள் வெளியிடும் ‘எக்சோசோம்’ எனும் நுண்பைகளை மட்டும் பிரித்து மூட்டில் செலுத்துவர். அவை அழற்சியைத் தணித்து, எஞ்சிய செல்களைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இரண்டும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. அச்சிட்ட சாரமும் பெரும்பாலும் காயத்தால் விழுந்த சிறு பள்ளத்தை நிரப்பவே ஆராயப்படுகிறது. முற்றிலும் தேய்ந்த மூட்டுக்காக அன்று. ஆகவே, நகையை அடகு வைத்து எக்சோசோம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டா. ஆய்வில் சேருமாறு எவரேனும் அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பணமும் கேட்டால், கொடுக்குமுன் எங்களிடம் வாருங்கள். அதுவரை தொடைத் தசைப் பயிற்சியைத் தொடருங்கள். வேலையிடத்தில் தரைக்குப் பதிலாக உயரமான இருக்கை கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.