பாடம் தெரியாத பெற்றோரும் கைகொடுக்கலாம்

“பத்தாம் வகுப்பு வரை எப்படியோ சொல்லிக் கொடுத்தோம், இனி நம்மால் ஆகாது.” மேல்நிலை வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள பெற்றோர் பலர் இவ்வாறு கூறக் கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது, அதுவரை கல்லூரிப் புகுமுக வகுப்புக்கு உரியவையாக இருந்த பாடங்கள் பள்ளிக்கூடத்திற்கு வந்து சேர்ந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தந்தைக்கு நுண்கணிதமும் மோல் கணக்கும் புரியாத மொழியாகத் தோன்றுவது இயல்பே.

ஆகவே பெற்றோர் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். தனிப்பயிற்சி தவறன்று. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு விடை வராத கணக்கோடு பிள்ளை தனியே அமர்ந்திருக்கும்போது, அருகில் ஆசிரியர் இல்லை. வழிகாட்டி நூல்தான் இருக்கிறது. அதிலுள்ள விடையைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வது எளிதாகிவிடுகிறது. தேர்விலோ கேள்வியின் எண்கள் மாறி வருகின்றன, மனப்பாடம் கைவிடுகிறது. மதிப்பெண் குறைவதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் அப்போது நேர்கிறது. “எனக்கு மூளை இல்லை” என்று அந்தப் பிள்ளை தன்னைப் பற்றியே முடிவு கட்டிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பெற்றோரின் உதவி தேவை. விடை சொல்லுவது மட்டுமே உதவி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்பது அதனினும் சிறந்த உதவி. அதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வேதியியலிலிருந்து ஒரு கணக்கைப் பார்ப்போம். 4 கிராம் ஹைட்ரஜனும் 16 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்து வினைபுரிந்தால் எவ்வளவு நீர் கிடைக்கும்? மாணவர் பலர் ஹைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு 36 கிராம் என்று எழுதிவிடுவர். வேதியியல் அறியாத தாய் இங்கே ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “உள்ளே போட்டது மொத்தம் எவ்வளவு?” 4-உம் 16-உம் சேர்ந்து 20 கிராம். “20 கிராம் போட்டால் 36 கிராம் எப்படி வரும்?” இக்கேள்வி போதும். வேதிவினையில் பொருளின் மொத்த நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்ற அடிப்படை விதியை அத்தாய் தம்மையறியாமலே நினைவூட்டிவிட்டார். பிள்ளை திரும்பிப் பார்க்கத் தொடங்கும்.

அடுத்த படியையும் சமையலறையே கற்றுத்தரும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது இட்லி மாவின் கணக்கு. வீட்டில் 4 படி அரிசி இருந்தும் உளுந்து அரைப்படிதான் என்றால், 2 படி அரிசிக்குமேல் ஊறவைத்துப் பயனில்லை. எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுவே அளவைத் தீர்மானிக்கிறது. மேற்கண்ட வினையில் தீர்ந்துபோவது ஆக்ஸிஜன். 2 மோல் ஹைட்ரஜனுக்கு 1 மோல் ஆக்ஸிஜன் வேண்டும். நம்மிடம் உள்ள 16 கிராம் ஆக்ஸிஜன் அரை மோல்தான். அது 1 மோல் ஹைட்ரஜனோடு, அதாவது 2 கிராம் ஹைட்ரஜனோடு சேர்ந்து 18 கிராம் நீரைத் தரும். மீதி 2 கிராம் ஹைட்ரஜன் அப்படியே நிற்கும். 18-உம் 2-உம் சேர்ந்து 20. கணக்கு நேராயிற்று.

மோல் என்ற சொல்லே பலரை அச்சுறுத்துகிறது. டஜன் என்றால் 12 என்பதுபோல, மோல் என்றால் ஏறத்தாழ 6.022 × 10²³ துகள்கள், அவ்வளவே. ஒரு டஜன் முட்டையும் ஒரு டஜன் தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் வேறு. அதுபோலவே ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஒரு மோல் ஆக்ஸிஜன் 32 கிராம்.

இனிக் கணிதத்திற்கு வருவோம். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு, 100 மீட்டர் வேலியால் மற்ற மூன்று பக்கங்களையும் அடைத்துச் செவ்வகத் தோட்டம் அமைக்க வேண்டும். பரப்பு மிகப் பெரியதாக இருக்க அளவுகள் யாவை? நுண்கணிதம் கற்ற மாணவன் அகலத்தை ஒரு குறியீடாகக் கொண்டு, பரப்புக்குச் சமன்பாடு எழுதி, அதன் வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமமாக்கி, அகலம் 25 மீட்டர் என்று காண்பான். தந்தைக்கு வகைக்கெழு தெரிய வேண்டாம். “படம் வரைந்து காட்டு; சுவர் எங்கே?” என்று கேட்கட்டும். நான்கு பக்கமும் வேலி என்று தவறாக எண்ணிய பிள்ளை அங்கேயே திருத்திக்கொள்ளும். பின்னர், “25 சரி என்று எப்படி நம்புவது? 20 வைத்துப் பார்” என்று சொல்லட்டும். அகலம் 20 என்றால் நீளம் 60, பரப்பு 1,200 சதுர மீட்டர். அகலம் 30 என்றால் நீளம் 40, அப்போதும் 1,200. அகலம் 25 என்றால் நீளம் 50, பரப்பு 1,250. பெருக்கல் தெரிந்த எவரும் செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, வகைக்கெழு வெறும் சூத்திரமாக இராது. அது எதற்காக வந்தது என்பதும் விளங்கும்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குகளைத் தீர்க்கும் முறை பற்றி 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் நான்கு படிகளைக் காட்டினார்: கேள்வியை விளங்கிக்கொள்ளுதல், வழியைத் திட்டமிடுதல், அதைச் செய்து முடித்தல், விடையைத் திரும்பிப் பார்த்தல். நம் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றனர். முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் துணை நிற்பவரே வீட்டிலுள்ள பெரியோர். “என்ன கேட்டிருக்கிறார்கள்? என்ன கொடுத்திருக்கிறார்கள்? இந்த விடை பொருந்துமா?” என்னும் மூன்று கேள்விகளும் எந்த வீட்டிலும் கேட்கத்தக்கவையே.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “இதுகூடத் தெரியாதா?” என்ற சொல் அறிவை வளர்ப்பதில்லை, வாயை அடைக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் அவ்வாறே. கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால், அவர்கள் பென்சிலைப் பிடுங்கித் தாமே போட்டுக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பென்சில் கற்பவரின் கையிலேயே இருக்கட்டும். பிள்ளை தயங்கும்போது சற்றுப் பொறுத்திருப்பதும் உதவியே.

எவ்வளவு முயன்றும் தீராத கணக்கு உண்டு. அப்போது, “எனக்கும் தெரியவில்லை, எந்த வரி வரை புரிந்தது என்று குறித்து வை, நாளை ஆசிரியரிடம் கேள்” என்று சொல்வதில் இழிவு ஏதுமில்லை. “ஒன்றுமே புரியவில்லை” என்று வரும் மாணவனைவிட, “இந்த வரி எப்படி வந்தது?” என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியர் விரைவில் வழிகாட்ட இயலும்.

நாள்தோறும் அரைமணி நேரம், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளையின் அருகே அமர்வோம். நமக்குப் புரியாததை நமக்கு விளக்கிச் சொல்லும்படி கேட்போம். பிறருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதே பிள்ளைக்குத் தன் பாடம் தெளிவாகும். அன்றன்றைய கணக்கோடு தன்னம்பிக்கையும் சேர்ந்து வளரும்.